போல்ட்டுக்குப் பொறுப்பு யார்? பத்துமலையின் முதுகுப்புறத்திலிருந்து ஒரு திறந்த மடல்

சிலாங்கூர் மாநிலத்தில் நிலம், வனம், உள்ளாட்சி, சுற்றுலா ஆகியவற்றுக்குப் பொறுப்பு வகிக்கும் பெரியோருக்கு,

வணக்கம். பத்துமலையின் பின்பக்கப் பாறைச் சுவரில் ஏறுபவர்களைத் தாங்கும் எஃகு போல்ட்டுகளுக்குப் பொறுப்பாளர் யாரும் இல்லை என்பதைப் பற்றியது இந்த மடல். இதை மலாயிலும் எழுதி உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். தமிழில் எழுதுவது, பத்துமலையைத் தங்கள் மலை என்று நினைக்கும் என் மக்களும் படிக்கட்டும் என்பதற்காக.

பத்துமலை என்றதும் உங்களுக்கு நினைவுக்கு வருவது தெற்கு முகமாகத்தான் இருக்கும். 42.7 மீட்டர் உயரத்தில் பொன்னிற முருகன், பக்கத்திலேயே வண்ணமடித்த 272 படிகள், படியோரம் பையைப் பறிக்கக் காத்திருக்கும் குரங்குகள். எனக்கும் முப்பத்தெட்டு வயதுவரை அதுதான் பத்துமலை. தோட்டத்தில் பால்மரம் வெட்டிய என் அப்பா பதினோரு தைப்பூசத்துக்குக் காவடி எடுத்தவர். அவர் பின்னால் பால்குடம் ஏந்தி ஏறிய சிறுமிக்கு, அந்த மலைக்குப் பின்பக்கம் என்று ஒன்று இருப்பதே தெரியாது.

பின்பக்கத்தை எனக்குக் காட்டியவர் பள்ளியில் என்னோடு வேலை பார்த்த மலாய் ஆசிரியை. மலையைச் சுற்றிக்கொண்டு வடகிழக்குப் பக்கம் போனால் டாமாய் குகை. அங்கே பாறை தரையிலிருந்து நேராகச் சுவர்போல் எழும்புகிறது. சனி, ஞாயிறு காலைகளில் அந்தச் சுவரில் கயிறுகள் தொங்கும். கல்லூரி மாணவர்கள், வங்கி ஊழியர்கள், ஓய்வுபெற்ற ஒரு சீனத் தாத்தா, நான். டாமாய் சுவர், நன்யாங் சுவர், ஞாமோக் சுவர் என்று ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பெயர். ஞாமோக் என்றால் கொசு. அங்கே அரை மணி நேரம் நின்றால் பெயர்க் காரணத்தை யாரும் விளக்க வேண்டியிருக்காது. மலையைச் சுற்றி 160-க்கும் மேற்பட்ட ரூட்டுகள் இருக்கின்றன. கோலாலம்பூர் நடுவிலிருந்து கொமுட்டர் ரயிலில் வந்து இறங்கிவிடக்கூடிய தூரத்தில் இப்படியொரு பாறை இருப்பது எவ்வளவு பெரிய கொடுப்பினை என்பது, வேறு நாடுகளிலிருந்து வந்து ஏறுபவர்கள் சொல்லித்தான் எனக்கே புரிந்தது.

ரூட் என்றால் என்ன என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் குறை அதில்தான் இருக்கிறது. பாறையில் துளையிட்டு, கீழிருந்து மேல்வரை இரண்டு மூன்று மீட்டருக்கு ஒன்றாக எஃகு போல்ட்டுகளைப் பதித்திருப்பார்கள். ஏறுபவர் இடுப்புப் பட்டையில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு போல்ட்டையும் எட்டியதும் அதில் கிளிப்பை மாட்டி, கயிற்றை அதற்குள் விட்டு மேலே போவார். கயிற்றின் மறுமுனையைக் கீழே ஒருவர் பிடித்திருப்பார். கை நழுவினால் கடைசியாக மாட்டிய போல்ட் தாங்க வேண்டும். உச்சியில் இரண்டு போல்ட்டும் சங்கிலியும் இருக்கும்; இறங்கும்போது முழு உடம்பும் அந்தச் சங்கிலியில்தான். தரம் பார்த்துச் செய்த போல்ட்டைச் சரியாகப் பதித்தால் இரண்டரை டன் இழுவையைத் தாங்கும். சரியாகப் பதிக்காவிட்டாலும் வெளியிலிருந்து பார்க்க அப்படியேதான் இருக்கும்.

இரண்டு ஆண்டுக்கு முன் ஒரு ஞாயிறு, எனக்கு நன்கு பழகிய ஒரு ரூட்டில் நாலாவது போல்ட்டில் கிளிப்பை மாட்டினேன். அதன் எஃகுத் தகடு காற்றாடிபோல் சுற்றியது. கீழே பாறையில் காவிநிறத்தில் துருவொழுகிய கோடு. அதை நம்பி மேலே போக மனம் வரவில்லை. மூன்றாவது போல்ட்டின் தயவில் மெல்ல இறங்கினேன். தரையில் நின்று ஷூவைக் கழற்றும்போதுதான் கால் நடுங்கியது.

மறுநாள் பள்ளி இடைவேளையில் தொலைபேசி எடுத்தேன். முதல் அலுவலகத்தில் "போல்ட்" என்றதும் என்னை லோரிப் பட்டறைக்காரி என்று நினைத்துவிட்டார்கள். விளக்கிச் சொன்ன பிறகு, அது எங்கள் எல்லையில் வராது என்றார்கள். இரண்டாவது அலுவலகம் மூன்றாவதைக் கைகாட்டியது. மூன்றாவதில் இருந்தவர் பண்பானவர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "டீச்சர், அதை யார் அடித்தார்களோ அவர்களிடம்தான் கேட்க வேண்டும்" என்றார். யார் அடித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அந்தச் சுவரில் ஏறும் பாதிப் பேருக்குத் தெரியாது. கடைசியில் நாங்கள் நாலு பேர் காசு போட்டு, விவரமறிந்த ஒருவரை வைத்து அந்த ஒரு போல்ட்டை மாற்றினோம். அந்த ஒன்றைத்தான். மற்றவை?

யார் மேலும் பழி போட இதை எழுதவில்லை. அந்த மூன்று அலுவலகங்களும் பொய் சொல்லவில்லை என்றே நம்புகிறேன். அவரவர் கோப்பில் அப்படியொரு பொருளே இல்லை. மலை மாநிலத்தினுடையது, மரத்துக்கும் குப்பைக்கும் வாகனம் நிறுத்தும் இடத்துக்கும் விதி இருக்கிறது. பாறையில் மனிதன் அடித்த இரும்புக்கு மட்டும் ஊரும் இல்லை, பேரும் இல்லை.

முன்பக்கத்தைப் பாருங்கள். 1878-இல் ஹார்னடே என்ற அமெரிக்க இயற்கையாளர் இந்தக் குகைகளைப் பற்றி எழுதியபோது அங்கே படிகளே கிடையாது. அதற்கு முன்பே தெமுவான் பழங்குடி மக்கள் குகைவாயில்களில் ஒதுங்கியிருக்கிறார்கள். சீனர்கள் வௌவால் எச்சத்தை உரத்துக்காக அள்ளியிருக்கிறார்கள். பிறகு தம்புசாமிப் பிள்ளை கோயில் எழுப்பினார், 1892 முதல் தைப்பூசம் நடக்கிறது. 1920-இல் மரப்படி போட்டார்கள். 1940-இல் அது சிமெண்டுப் படியானது. அந்தப் படியில் ஒன்று உடைந்தால் யாரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்பது பூக்கடைக்காரருக்கும் தெரியும். அதனால்தான் தைப்பூசத்தன்று லட்சக்கணக்கானவர்கள் ஏறி இறங்க முடிகிறது. என் கோரிக்கையின் சாரம் இவ்வளவுதான்: முன்பக்கத்துப் படிக்கு இருப்பதுபோல் பின்பக்கத்து போல்ட்டுக்கும் ஒரு பொறுப்பாளர் வேண்டும்.

இதில் அவசரம் என்ன என்று கேட்பீர்கள். பாறையின் இயல்புதான் அவசரம். பத்துமலை 40 கோடி ஆண்டு பழமையான சுண்ணாம்புக்கல் என்கிறார்கள், கடலடியில் படிந்தது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு மெல்லிய அமிலமாகி இந்தக் கல்லைக் கரைக்கிறது. குகைகளும், சுவரில் விழுதுபோல் தொங்கும் கல்தாரைகளும், எங்கள் விரல் நுழையும் குழிகளும் எல்லாம் அந்தக் கரைசலின் வேலை. ஏறுபவருக்கு இதைவிட இனிய பாறை கிடையாது. ஆனால் கரைகிற கல்லுக்குள் வெற்றிடம் இருக்கும். தட்டினால் சில இடங்களில் பானையைத் தட்டினதுபோல் ஒலிக்கும். அங்கே அடித்த போல்ட் எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று சொல்ல முடியாது. மழை நின்று வெயிலடித்து மேற்பரப்பு காய்ந்துவிட்டாலும் உள்ளே நீர் கசிந்துகொண்டே இருக்கும். அந்த ஈரத்தில் இரும்பு எங்கே அரிக்கிறது என்றால், கண்ணுக்குத் தெரியாத உட்பகுதியில்.

தாய்லாந்தின் கிராபியில் இதே வகைச் சுண்ணாம்புப் பாறையில் துருப்பிடிக்காத எஃகு என்று நம்பி அடித்த போல்ட்டுகள் சில ஆண்டிலேயே முறிந்தன. கடைசியில் உலகெங்கும் உள்ள ஏறுபவர்களிடம் நன்கொடை திரட்டி, டைட்டானியம் போல்ட்டுகளைப் பசை வைத்துப் பதித்து ரூட்டுகளை மீட்டார்கள். அது கடலோரம், உப்புக்காற்று. பத்துமலை அப்படியில்லை, இரண்டையும் ஒரே தராசில் வைக்க மாட்டேன். ஆனால் அங்கே எந்த போல்ட் எப்போது அடித்தது, எந்த உலோகம் என்று கணக்கு வைக்கத் தொடங்கிய பிறகுதான் சிக்கலுக்குத் தீர்வு வந்தது. நம் சுவரில் அந்தக் கணக்கு சிலரது நினைவில் இருக்கிறது, சிலரது கைப்பேசியில் இருக்கிறது. அவர்கள் வேலை மாறி ஜொகூருக்கோ சிங்கப்பூருக்கோ போய்விட்டால் கணக்கும் கூடவே போய்விடும்.

இப்போது எனக்கு இருக்கும் பயத்தைச் சொல்கிறேன். இந்த மடலைப் படித்துவிட்டு, "ஆபத்து என்று டீச்சரே எழுதியிருக்கிறார்" என்று ஒரு கம்பிவேலியும் "டிலாராங் மாசோக்" (உள்ளே நுழையத் தடை) பலகையும் வந்துவிடக்கூடாது. நம்மிடம் அந்தப் பழக்கம் உண்டு. விபத்து நடந்தால் மூடுவது, ஊர் மறந்ததும் வேலியில் ஓட்டை விழுவது, ஓட்டை வழியே முன்னைவிடத் தயாரிப்பில்லாதவர்கள் நுழைவது. கோலாலம்பூருக்கு வடகிழக்கே தாபோர் மலைத்தொடரில் நடந்ததைப் பார்த்தவர்கள்தானே நீங்கள். அது சுண்ணாம்புக்கல் இல்லை, வெண்படிகப் பாறை, கிள்ளான் கேட்ஸ் அணைக்கு மேலே கத்திமுனைபோல் நீண்டு கிடப்பது. அங்கே விழுந்து இறந்தவர்கள் உண்டு. பாதைகளை மூடியதும் உண்டு. மூடிய பாதையில் போய் மாட்டிக்கொண்டவர்களைப் போம்பா (தீயணைப்பு மீட்பு) வீரர்கள் கயிறு கட்டி இறக்கியதும் உண்டு. வனத்துறை அனுமதிச் சீட்டு, வழிகாட்டி என்ற ஏற்பாடு வந்தபோது பலர் முணுமுணுத்தார்கள். நான் முணுமுணுக்கவில்லை. பத்தாங்காலியில் 2022 டிசம்பரில் முகாம் திடல்மேல் மண் சரிந்து 31 பேர் மாண்ட பிறகு, மலையோரம் யார் இருக்கிறார்கள் என்று அரசு தெரிந்து வைத்திருப்பதை எதிர்த்துப் பேச எனக்கு வாய் வராது. என் சண்டை காரணமும் தேதியும் சொல்லாத பூட்டோடு மட்டும்தான். மூடுங்கள், எதற்காக என்று எழுதுங்கள், எப்போது மறுபடி சோதிப்பீர்கள் என்றும் எழுதுங்கள்.

மூடத்தான் வேண்டிய இடங்களும் இருக்கின்றன. இதை ஏறுபவர்களான எங்களை நோக்கியே சொல்கிறேன். படியேறும் வழியில் இருக்கிற இருட்டுக் குகையில் ஒரு சிலந்தி வாழ்கிறது. லிபிஸ்டியஸ் பத்துவென்சிஸ் என்று இந்த மலையின் பெயரையே அதற்கு வைத்திருக்கிறார்கள். குகைச்சுவரில் பட்டிழையால் வளை அமைத்து, அதற்கு ஒரு மூடிக் கதவும் போட்டு, வாசலிலிருந்து சுற்றிலும் இழைகளைப் பரப்பிவிட்டு உள்ளே காத்திருக்கும். ஏதாவது பூச்சி இழையில் கால் வைத்தால் கதவைத் திறந்து பாயும். வயிற்றில் கண்டம் கண்டமாகத் தகடுகள் உள்ள ஆதிகாலச் சிலந்திக் குலம் அது. 2019-இல் அந்தக் குகையைப் பொதுமக்களுக்கு மூடினார்கள். வழிகாட்டியோடு உள்ளே போய்வந்த என் மாணவர்கள் மறுபடி எப்போது என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஆனால் சிலந்திக்காக என்றால் இன்னும் நூறு ஆண்டு மூடினாலும் எனக்குச் சம்மதம். மலைமேல் 269 வகைத் தாவரங்களைக் கணக்கெடுத்திருக்கிறார்கள். அவற்றில் 56 சுண்ணாம்பு மண்ணை விட்டு வேறெங்கும் பிழைக்காதவை. பேராக்கில் ஒரு சுண்ணாம்புக் குன்றில் மட்டும் கண்டுபிடித்த குட்டி நத்தைக்கு, அந்தக் குன்றைக் குடைந்துகொண்டிருந்த சிமெண்டு நிறுவனத்தின் பெயரையே 2014-இல் வைத்தார்கள். வேடிக்கையான தேசம் நம்முடையது.

புது ரூட் திறக்கிறேன் என்று ட்ரில்லோடு வருபவர் முதலில் செய்வது கம்பித் தூரிகையால் பாறையைத் தேய்ப்பது. பாசி, பெரணி, கல்லிடுக்கில் பத்து ஆண்டாக வளர்ந்த ஒரு விரல் நீளச் செடி, அதன் இலையடியில் இருந்த நத்தை, எல்லாம் சேர்ந்து கீழே விழும். நாங்களும் அந்தக் குற்றத்தில் பங்காளிகள். கைவியர்வைக்குப் பூசும் வெள்ளைத் தூள் சுவரெங்கும் சுண்ணாம்பு அடித்ததுபோல் அப்பிக்கிடக்கிறது. பிசினில் ஒட்டிய பிளாஸ்டர் துண்டுகளையும் நாசி லெமாக் பொட்டலத் தாள்களையும் வாரம் ஒரு பை பொறுக்குகிறேன். பக்கத்துக் கம்போங்கைச் சேர்ந்த பாக்சிக் (மலாய்ப் பெரியவர்) ஒருவர், தன் வீட்டு வாசலை மறித்து நிறுத்திய காரைப் பார்த்து, "மலையில் ஏறத் தெரிகிறது, காரை நிறுத்தத் தெரியவில்லையே" என்றார். பதில் இல்லை எங்களிடம்.

ஆகையால் பொறுப்பாளர் வேண்டும் என்று நான் கேட்பது எங்களுக்கு வசதியாக இருக்கும் என்பதற்காக மட்டும் இல்லை. எங்களுக்கு "முடியாது" என்று சொல்லவும் ஓர் ஆள் வேண்டும். எந்தச் சுவரில் இனி ஒரு துளைகூட இடக்கூடாது, எந்தக் குகைவாயிலுக்கு எத்தனை மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பதைத் தாவரவியலாளரோடும் குகை ஆய்வாளரோடும் உட்கார்ந்து அவர் முடிவு செய்யட்டும். ட்ரில் எடுப்பதற்கு முன் அவரிடம் மனு கொடுக்கட்டும் எல்லோரும். இருக்கிற ரூட்டுகளுக்கு எண் போட்டு, ஒவ்வொரு போல்ட்டுக்கும் அடித்த ஆண்டு, உலோகம், கடைசியாகச் சோதித்த நாள் எழுதிய ஓர் ஏடு தொடங்கட்டும். ஏட்டை நிரப்பும் வேலையை நாங்கள் சம்பளமில்லாமல் செய்கிறோம். செய்ய ஆள் இருக்கிறது. சோதிக்கத் தேர்ந்தவருக்குக் கூலியும் போல்ட்டுக்கு விலையும் வேண்டும். அதற்கு ஏறுபவரிடம் நாளுக்கு ஐந்து ரிங்கிட் வாங்கினாலும் கொடுப்போம். ஒரு தே தாரிக்கும் ரொட்டி சானாயும்தான். வாங்கிய காசு வேறெங்கும் போகாமல் சுவருக்கே திரும்பி வருகிறது என்று ஆண்டுக்கு ஒருமுறை பலகையில் எழுதிப் போட்டால் போதும்.

பலகை என்றதும் ஒன்று. தலைக்கவசம், மழைக்குப் பிறகு தளர்ந்த கல், குளவிக்கூடு, அவசர எண் இவற்றை மலாயில், சீனத்தில், தமிழில், ஆங்கிலத்தில் எழுதுங்கள். தமிழைக் கணினியில் போட்டு மொழிபெயர்த்துவிட்டு எழுத்துகள் உடைந்த பலகையை நிறுத்திவிடாதீர்கள். எங்கள் பள்ளிக்குச் சொல்லியனுப்பினால் நாங்களே எழுதித் தருகிறோம்.

ராவாங் போகும் வழியில் டெம்ப்ளர் பூங்காவை ஒட்டி நிற்கும் தாக்குன் குன்றைப் பற்றியும் எழுத நினைத்தேன். அதுவும் சுண்ணாம்புதான், பல கட்டமாக ஏற வேண்டிய நீண்ட ரூட்டுகள் உள்ளது. அடிவாரத்தில் கோல்ஃப் திடல். அங்கே நுழைவதற்கான பேச்சே தனி மடலாகிவிடும். முதலில் பத்துமலை ஒழுங்காகட்டும்.

என் மக்களிடமும் ஒரு வார்த்தை. நான் கயிறும் ஹெல்மெட்டுமாகப் போவதைப் பார்த்துச் சித்தி கேட்டார், "இதெல்லாம் நமக்கெதுக்கு, சாமி மலையில் போய்த் தொங்குவது அடாவடி இல்லையா?" குன்றுதோறாடும் கடவுளுக்கு, குன்றில் ஏறும் பிள்ளைமேல் கோபம் வருமா சித்தி என்றேன். 1997 மே 23 அன்று எவரெஸ்ட் உச்சியில் மலேசியக் கொடியை முதலில் ஏற்றிய இருவர் எம். மகேந்திரனும் என். மோகனதாசும். இரண்டு பேரும் நம் வீட்டுப் பிள்ளைகள். இன்றைக்குப் பாறையேற்றம் ஒலிம்பிக் விளையாட்டு. என் வகுப்பில் நன்றாக ஏறக்கூடிய மூன்று பெண்கள் இருக்கிறார்கள். உள்ளரங்கச் சுவரில் ஒரு நாள் கட்டணம் அவர்கள் வீட்டு இரண்டு நாள் மீன் செலவு. பத்துமலை இலவசம், வீட்டிலிருந்து பத்து நிமிடம். அவர்களை அங்கே கூட்டிப்போக அவர்களின் அம்மாக்கள் கையெழுத்துப் போட்ட தாள் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. போல்ட்டுகளைப் பற்றி அந்த அம்மாக்கள் ஒரு கேள்வி கேட்டார்கள், கடைசியாக யார் சோதித்தார்கள் என்று. பதில் சொல்ல முடியாததால் இன்னும் கூட்டிப்போகவில்லை.

2012-இல் மலையடிவாரத்தில் 29 மாடி அடுக்குமாடி எழும்பப் போகிறது என்றபோது, கோயிலும் பக்தர்களும் இயற்கை ஆர்வலர்களும் சேர்ந்து குரல் கொடுத்தார்கள்; திட்டம் நின்றது. இந்த மலைக்காக நீங்கள் அசைந்து கொடுத்த வரலாறு உண்டு என்ற நம்பிக்கையில்தான் எழுதுகிறேன். நான் கேட்பது அதைவிடச் சின்ன விஷயம்: ஒரு மேசை, ஓர் ஏடு, தொலைபேசியை எடுக்கும் ஒருவர்.

கோப்பை வைத்து முடிவெடுக்குமுன் நேரில் ஒருமுறை வந்து பாருங்கள். எந்தச் சனிக்கிழமையானாலும் காலை எட்டு மணிக்கு டாமாய் சுவரடியில் இருப்போம். பிற்பகல் மழை கட்டுமுன் இறங்கிவிடுவோம். ரப்பர் அடியுள்ள காலணி போட்டு வாருங்கள். கொசுத்தைலம் மறக்க வேண்டாம். ஹெல்மெட் என்னிடம் கூடுதலாக இரண்டு இருக்கிறது.

இப்படிக்கு,
கோம்பாக் வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருத்தி